45 நாளில் 50% லாபம்... 100 வருஷம் கழிச்சும் மோசடிக்கு இவர் பெயர் ஏன்? யார் இந்த சார்லஸ் பொன்சி?

நிதி நிறுவன மோசடி பற்றி செய்தி வரும்போதெல்லாம் ஒரு வார்த்தை கூடவே வரும்: பொன்சி திட்டம். ஏதோ பொருளாதாரப் பாடத்தில் வரும் கலைச்சொல் என்றுதான் பலரும் நினைப்போம். ஆனா அது ஒரு மனிதரின் பெயர். இத்தாலியில் பிறந்து, அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் எட்டே மாதங்களில் பல ஆயிரம் பேரின் சேமிப்பை வாங்கிக் குவித்த சார்லஸ் பொன்சியின் பெயர்.

அவர் யார்? அந்தப் பணத்தை எப்படி வாங்கினார்? அவ்வளவு பேர் எப்படி நம்பினார்கள்? விரிவாகப் பார்ப்போம்.

கையில் இரண்டரை டாலர்

பொன்சி பிறந்தது 1882 மார்ச் 3-ம் தேதி, வடக்கு இத்தாலியில் உள்ள லூகோ என்ற ஊரில். இயற்பெயர் கார்லோ பொன்சி. ரோம் பல்கலைக்கழகத்தில் படிக்க அனுப்பி வைத்தார்கள். அங்கே படிப்பை விட ஊதாரித்தனம்தான் அதிகம். பணம் தீர்ந்தது, படிப்பும் நின்றது.

1903 நவம்பரில் கப்பலேறி பாஸ்டனில் வந்து இறங்கினார். கொண்டு வந்த பணத்தை கப்பலிலேயே சூதாடித் தொலைத்துவிட்டதால், இறங்கும்போது கையில் இருந்தது இரண்டரை டாலர்தான்.

அதன் பிறகு கிடைத்த வேலையெல்லாம் செய்தார். ஓட்டலில் பாத்திரம் கழுவினார். பிறகு அங்கேயே சர்வர் ஆனார். வாடிக்கையாளர்களுக்கு மீதிச் சில்லறையைக் குறைத்துக் கொடுத்ததாகவும், திருடியதாகவும் சொல்லி அந்த வேலையிலிருந்து நீக்கினார்கள்.

மாண்ட்ரியல் வங்கியில் கற்ற வித்தை

1907-ல் கனடாவின் மாண்ட்ரியல் நகரத்துக்குப் போனார். பாங்கோ ஸரோசி என்ற சின்ன வங்கியில் வேலை கிடைத்தது. பிழைப்பு தேடி வந்த இத்தாலியர்கள்தான் அதன் வாடிக்கையாளர்கள். கூலி வேலை செய்து மிச்சம் பிடித்த பணத்தை, நம்ம ஊர்க்காரர் நடத்தும் வங்கி என்று நம்பி அங்கே போட்டார்கள்.

மற்ற வங்கிகள் 3% வட்டி தர, ஸரோசி 6% கொடுத்தார். கூட்டம் அலைமோதியது. உள்ளே இருந்து பார்த்த பொன்சிக்கு சீக்கிரமே விஷயம் புரிந்தது. வங்கி கொடுத்த ரியல் எஸ்டேட் கடன்கள் திரும்பி வரவில்லை. வட்டியைக் கொடுப்பது லாபத்திலிருந்து இல்லை. இன்றைக்குப் புதுசா கணக்கு தொடங்குபவரின் பணத்தை எடுத்துத்தான் பழையவருக்கு வட்டி போகிறது.

கடைசியில் ஸரோசி மிச்சப் பணத்தை எடுத்துக்கொண்டு மெக்சிகோவுக்கு ஓடிவிட்டார். வாடிக்கையாளர்கள் தெருவில் நின்றார்கள்.

மேஜையில் கிடந்த செக் புக்

வேலை போன பொன்சி, 1908-ல் ஒருநாள் அந்த வங்கியின் பழைய வாடிக்கையாளரான ஒரு கிடங்கு நிறுவனத்தின் அலுவலகத்துக்குள் போனார். உள்ளே யாரும் இல்லை. கண்ணில் பட்டது செக் புக். ஒரு செக்கை எடுத்து, தன் பெயருக்கு 423 டாலர் 58 சென்ட் எழுதி, நிறுவன இயக்குநரின் கையெழுத்தைப் போலியாகப் போட்டு, வங்கியில் மாற்றிவிட்டார்.

இதற்குப் பூட்டை உடைக்கவில்லை, மிரட்டவில்லை. ஒரு கணக்கிலிருந்து பணம் எடுக்க அந்தக் காலத்தில் இரண்டே விஷயம் போதும்: செக் தாள், கையெழுத்து மாதிரி. ஒன்று மேஜையில் கிடந்தது. இன்னொன்று யாருடையது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இன்றைக்கு அந்த இடத்தில் ஏடிஎம் பின் நம்பரும் ஓடிபியும் இருக்கின்றன, அவ்வளவுதான் வித்தியாசம்.

திடீரென்று அவர் தாராளமாகச் செலவு செய்வதைப் பார்த்து போலீசுக்கு சந்தேகம் வந்தது. மூன்று ஆண்டு சிறைத் தண்டனை. சிறைக்குள் இருந்தபடியே அம்மாவுக்குக் கடிதம் எழுதினார். அதில், சிறை அதிகாரிக்கு உதவியாளராகத் தனக்கு வேலை கிடைத்திருக்கிறது என்று புளுகியிருந்தார்.

வெளியே வந்த கொஞ்ச நாளில், இத்தாலியர்களைச் சட்டவிரோதமாக எல்லை தாண்டி அமெரிக்காவுக்குள் கூட்டிவர உதவியதாகச் சிக்கினார். அதற்காக அட்லாண்டா சிறையில் இரண்டு ஆண்டுகள்.

நல்லவரா, கெட்டவரா?

இந்த வாழ்க்கையில் யாரும் எதிர்பார்க்காத ஒரு சம்பவமும் உண்டு. விடுதலையான பிறகு அலபாமா மாநிலத்தில் ஒரு சுரங்க முகாமில் வேலை பார்த்தார். அங்கே ஒரு நர்ஸ் தீக்காயத்தில் உயிருக்குப் போராடினார். காயத்தில் ஒட்ட தோல் தேவைப்பட்டது. அந்த நர்ஸை அவ்வளவாகத் தெரியாத பொன்சி முன்வந்து, தன் உடம்பிலிருந்து தோல் கொடுத்தார். பல வாரங்கள் அவரே ஆஸ்பத்திரியில் கிடக்க வேண்டியிருந்தது.

மோசடிக்காரர் என்றால் முகத்திலேயே தெரியும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கணும். பொன்சியிடம் பழகியவர்கள் எல்லாருக்கும் அவரைப் பிடித்திருந்தது. சிரித்த முகம், நேர்த்தியான உடை, எல்லாரிடமும் அன்பான பேச்சு. பின்னாளில் மக்கள் பணத்தை நீட்டியது இந்த மனிதரிடம்தான்.

பாஸ்டனுக்குத் திரும்பியவர், ரோஸ் நெக்கோ என்ற பெண்ணைக் காதலித்து 1918-ல் திருமணம் செய்துகொண்டார். மாமனாரின் வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டார், அது நொடித்துப்போனது. வேறு சில தொழில் முயற்சிகளும் படுத்துவிட்டன.

ஒரு கடிதத்தில் வந்த கூப்பன்

1919-ல் ஸ்பெயினிலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது. உள்ளே பதில் கடிதத்துக்கான சர்வதேச தபால் கூப்பன் ஒன்று இருந்தது.

அது என்ன கூப்பன்? வெளிநாட்டில் இருப்பவருக்குக் கடிதம் எழுதுறீங்க. அவர் பதில் போடத் தபால் செலவையும் நீங்களே கொடுக்க நினைக்கிறீங்க. உங்க நாட்டு ஸ்டாம்ப் அங்கே செல்லாது. அதனால் இந்தக் கூப்பனை வாங்கிக் கடிதத்துடன் அனுப்பலாம். அவர் அதைத் தன் ஊர் தபால் நிலையத்தில் கொடுத்து, அந்த நாட்டு ஸ்டாம்பாக மாற்றிக்கொள்வார்.

முதல் உலகப் போருக்குப் பிறகு ஐரோப்பிய நாடுகளின் பண மதிப்பு டாலருக்கு எதிராக சரிந்து கிடந்தது. ஆனா கூப்பன் விலை பழைய மதிப்பிலேயே இருந்தது. அதாவது அங்கே மலிவாக வாங்கி, அமெரிக்காவில் அதைவிட அதிக மதிப்புள்ள ஸ்டாம்பாக மாற்றலாம். காகிதத்தில் பார்த்தால் லாபம் உண்மைதான். சட்டவிரோதமும் இல்லை.

பிரச்சனை எங்கே என்றால், ஒரு கூப்பனில் கிடைப்பது சில சென்ட்தான். லட்சக்கணக்கில் லாபம் பார்க்க, கப்பல் கப்பலாகக் கூப்பன் கொண்டு வரணும். கிடைப்பதும் ரொக்கம் இல்லை, ஸ்டாம்ப். அதை யாரிடம் விற்பது? இந்த வியாபாரத்தைப் பெரிய அளவில் பொன்சி செய்யவே இல்லை. ஆனா கதை நன்றாக இருந்தது. கேட்பவருக்குப் பாதி புரியும், மீதி புரியாது. அந்தப் புரியாத பாதியை நம்பிக்கை நிரப்பியது.

பணம் எங்கிருந்து வந்தது?

1919 டிசம்பர் கடைசியில், வெறும் 150 டாலர் முதலீட்டில் செக்யூரிட்டீஸ் எக்ஸ்சேஞ்ச் கம்பெனியைத் தொடங்கினார். அலுவலகம் பாஸ்டனின் ஸ்கூல் தெருவில். 100 டாலர் கொடுத்தால் 90 நாளில் 150 டாலர் தருவதாக நோட்டு எழுதிக் கொடுத்தார். ஆனா 90 நாள் காக்க வைக்கவில்லை. 45 நாளிலேயே முழுசாகக் கொடுத்தார்.

இங்கேதான் சூட்சுமம். சொன்ன தேதிக்கு முன்பே பணம் வந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்? நடுவில் வேண்டாம் என்று வருபவர்களுக்குப் போட்ட பணத்தை அப்படியே திருப்பிக் கொடுப்பதாகவும் அறிவித்தார். அதனால் பலர் திரும்ப வாங்கவே வரவில்லை. வந்தவர்களும் வாங்கிய 150 டாலரை அங்கேயே மறுபடி போட்டுவிட்டுப் போனார்கள். வீட்டுக்குப் போய் சொந்தக்காரர்களிடமும் சொன்னார்கள்.

கணக்கைப் பாருங்க. முதலீட்டாளருக்கு 50% லாபம். ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்ட்டுக்கு 10% கமிஷன். ஆக, 100 டாலர் வாங்கினால் 160 டாலர் செலவு. எங்குமே முதலீடு செய்யாத நிறுவனத்துக்கு, வரும் ஒவ்வொரு 100 டாலரும் 60 டாலர் கடன்தான். கூட்டம் கூடக் கூட, அவர் வளரவில்லை, பள்ளம்தான் ஆழமானது.

இன்னொரு கணக்கு. 45 நாளுக்கு 50% என்றால், ஒரு வருஷத்தில் எட்டு சுற்று. லாபத்தையும் சேர்த்து மறுபடி மறுபடி போட்டால் 100 டாலர் ஒரே ஆண்டில் 2,500 டாலருக்கு மேல் ஆகணும். உலகத்தில் எந்த வியாபாரமும் இதை எல்லாருக்கும் கொடுக்க முடியாது. ஒரு தாளில் எழுதிப் பார்த்திருந்தால் புரிந்திருக்கும். வரிசையில் நின்றவர்களுக்கு அந்தப் பொறுமை இல்லை.

முதல் சில வாரங்களில் வந்தவர்கள் 18 பேர்தான். 1920 கோடைகாலத்தில் ஸ்கூல் தெருவே அடைபடும் அளவுக்குக் கூட்டம். கூலித் தொழிலாளர்கள், கடைக்காரர்கள், விதவைகள், போலீஸ்காரர்கள் என எல்லாரும் வந்தார்கள். வீட்டை அடமானம் வைத்தும் போட்டார்கள். எட்டு மாதத்தில் அவர் வாங்கியது சுமார் 96 லட்சம் டாலர். அதற்காகத் திருப்பித் தருவதாக எழுதிக் கொடுத்தது சுமார் 1 கோடியே 44 லட்சம் டாலர்.

மாளிகையும் வங்கியும்

பாத்திரம் கழுவியவர் இப்போ லெக்சிங்டனில் மாளிகை வாங்கினார். இத்தாலியிலிருந்து அம்மாவைக் கப்பலில் அழைத்து வந்தார். பாஸ்டனின் ஹானோவர் டிரஸ்ட் வங்கியில் பெரும் தொகையை டெபாசிட் செய்து, அதன் பங்குகளையும் வாங்கி, அந்த வங்கியையே தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டு வந்தார்.

வங்கியே அவர் பக்கம் இருக்கும்போது நாம ஏன் சந்தேகப்படணும் என்று மக்கள் நினைத்தார்கள். ஆனா அந்த வங்கியில் இருந்ததும் இதே மக்களின் பணம்தான்.

கணக்குக் கேட்ட பத்திரிகை

1920 ஜூலையில் ஒரு பர்னிச்சர் வியாபாரி, பொன்சியின் தொழிலில் தனக்கும் பங்கு உண்டு என்று 10 லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். சில மாதம் முன்பு வரை பர்னிச்சர் வாங்கவே பணம் இல்லாதவர், இப்போ எப்படி இவ்வளவு பெரிய ஆள் ஆனார் என்று ஊர் பேச ஆரம்பித்தது.

பாஸ்டன் போஸ்ட் நாளிதழ் விசாரணையில் இறங்கியது. நிதிப் பத்திரிகையாளர் கிளாரன்ஸ் பேரன் போட்ட கணக்கு ரொம்ப எளிமையானது. பொன்சி வாங்கியிருக்கும் பணத்துக்கு ஏற்ற வியாபாரம் நடக்க 16 கோடி கூப்பன்கள் வேண்டும். ஆனா புழக்கத்தில் இருந்தவை சுமார் 27,000 மட்டுமே. தவிர, அவ்வளவு நல்ல தொழில் என்றால் பொன்சி தன் சொந்தப் பணத்தை அதில் போடாமல் ஏன் மற்ற இடங்களில் போட்டு வைக்கிறார்?

மறுநாளே பணத்தைத் திரும்பக் கேட்டு அலுவலகம் முன் கூட்டம். பொன்சி பதறவில்லை. வரிசையில் நின்றவர்களுக்குக் காபியும் டோநட்டும் கொடுத்தார். மூன்று நாளில் சுமார் 20 லட்சம் டாலர் திருப்பிக் கொடுத்தார். அதைப் பார்த்த பலர், பணம் பத்திரமாகத்தான் இருக்கிறது என்று வரிசையை விட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

தணிக்கை முடியும் வரை புதிய பணம் வாங்குவதில்லை என்று அதிகாரிகளிடம் அவர் ஒப்புக்கொண்டிருந்தார். புதுப் பணம் நின்றால் இந்த இயந்திரம் ஓடாது. ஆகஸ்ட் 2-ம் தேதி, அவரிடமே விளம்பர வேலை பார்த்த வில்லியம் மெக்மாஸ்டர்ஸ், பொன்சி மீளமுடியாத கடனில் இருப்பதாகப் போஸ்ட் பத்திரிகையில் எழுதினார். ஆகஸ்ட் 11-ம் தேதி, மாண்ட்ரியல் செக் மோசடியும் சிறைவாசமும் படத்துடன் வெளியாகின. அடுத்த நாள் கைதானார். இந்தப் புலனாய்வுக்காக பாஸ்டன் போஸ்ட் 1921-ல் புலிட்சர் பரிசு பெற்றது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய அந்த 423 டாலர் செக் கடைசியில் அவரைக் காட்டிக் கொடுத்தது. பணம் கொடுக்கும் முன் யாராவது அவரது பழைய கதையை விசாரித்திருந்தால், இத்தனை பேர் ஏமாந்திருக்க மாட்டார்கள்.

யாருக்கு நஷ்டம்?

ஹானோவர் டிரஸ்ட் உட்பட ஆறு வங்கிகள் மூடப்பட்டன. பொன்சியிடம் நேரடியாகப் பணம் கொடுக்காத, அந்த வங்கிகளில் சாதாரணமாகக் கணக்கு வைத்திருந்தவர்களும் மாட்டினார்கள். ஏமாந்தவர்களுக்குக் கடைசியில் கிடைத்தது ஒரு டாலருக்கு 40 சென்ட்டுக்கும் குறைவு. அதுவும் பல ஆண்டுகள் இழுத்து, தவணை தவணையாக.

அதோடு முடியவில்லை. ஆகஸ்ட் 2-ம் தேதி கட்டுரைக்குப் பிறகு முண்டியடித்துப் பணத்தை எடுத்தவர்கள் மீதும் வழக்கு வந்தது. 1924-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அந்தக் கடைசி நாட்களில் எடுத்தவர்கள் அதைத் திருப்பித் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. காரணம், அது பொன்சியின் பணம் இல்லை, இன்னொரு ஏமாந்தவரின் பணம். தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி வில்லியம் டாஃப்ட், முன்னாள் அமெரிக்க அதிபர்.

75 டாலரில் முடிந்த வாழ்க்கை

தபால் வழி மோசடிக் குற்றத்தை 1920 நவம்பரில் பொன்சி ஒப்புக்கொண்டார். ஐந்து ஆண்டு தண்டனையில் மூன்றரை ஆண்டு சிறையில் இருந்தார். மாசசூசெட்ஸ் மாநில வழக்கில் தண்டனை வந்து, ஜாமீனில் இருந்தபோது, ஃப்ளோரிடாவுக்குப் போய் மறுபடியும் ஆரம்பித்தார். இந்த முறை நிலம். 60 நாளில் 200% லாபம் என்று சொல்லி அவர் விற்ற மனைகள் சதுப்பு நிலம். அங்கேயும் சிக்கினார். தலையை மொட்டையடித்து, மீசை வளர்த்து, கப்பலில் இத்தாலிக்குத் தப்பப் பார்த்தவரை நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்தில் பிடித்தார்கள்.

1934-ல் விடுதலையானதும், அமெரிக்கக் குடியுரிமை பெறாதவர் என்பதால் இத்தாலிக்கு நாடு கடத்தப்பட்டார். ரோஸ் கூடப் போகவில்லை. பிறகு விவாகரத்து. பொன்சி கடைசியில் பிரேசில் போய், ஒரு இத்தாலிய விமான நிறுவனத்தில் வேலை பார்த்தார். போரில் அதுவும் மூடப்பட்டது.

1949 ஜனவரி 18-ம் தேதி, ரியோ டி ஜெனிரோவில் ஏழைகளுக்கான ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் இறந்தார். வயது 66. பக்கவாதம், பார்வையும் குறைந்துவிட்டது. மிச்சம் இருந்த 75 டாலர் அடக்கச் செலவுக்குப் போனது.

இந்த வித்தையைக் கண்டுபிடித்தவரும் அவர் இல்லை. 1899-லேயே நியூயார்க்கின் புரூக்ளினில் வில்லியம் மில்லர் என்பவர் இதே வேலையைச் செய்திருந்தார். ஆனா அளவில் பெரியது என்பதால் பெயர் பொன்சிக்கு நிலைத்துவிட்டது.

நம்ம போனுக்கு வரும் பொன்சி

கூப்பனின் இடத்தில் இன்று கிரிப்டோ, ஆன்லைன் டிரேடிங், வீட்டிலிருந்தே பார்ட் டைம் வேலை என்று பெயர் மாறியிருக்கிறது. வழி மாறவில்லை. முதலில் 500 ரூபாய் போட்டால் 700 ரூபாய் உண்மையாகவே வரும். அதுதான் பொன்சி 45 நாளில் கொடுத்த 150 டாலர். அடுத்து 50,000 கேட்பார்கள். பணத்தோடு ஆதார், பான், வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் வாங்கி வைத்துக்கொள்வது மட்டும்தான் புதுசு.

பணம் போடும் முன் இதைக் கேளுங்க:

- லாபம் எதிலிருந்து வருகிறது? ஒரே வரியில் புரியும்படி பதில் இல்லை என்றால் விலகிடுங்க.
- ஆள் சேர்த்தால் கமிஷனா? உங்களுக்கு வரும் பணம் பெரும்பாலும் அடுத்தவர் போட்டதுதான்.
- டெபாசிட் வாங்க அனுமதி இருக்கா? ரிசர்வ் வங்கியின் சசேத் இணையதளத்தில் பார்க்கலாம், புகாரும் செய்யலாம். சீட்டு என்றால் பதிவு செய்யப்பட்டதா என்று கேளுங்க.
- உங்க கணக்கை அடுத்தவர் பயன்படுத்தக் கேட்கிறார்களா? கமிஷன் தருகிறோம், உங்க வங்கிக் கணக்கில் பணம் வரும், அதை மாற்றி அனுப்புங்க என்றால், அது மோசடிப் பணமாக இருக்கலாம். வழக்கு உங்க மேல் வரும்.
- ஓடிபி, பின் நம்பர் கேட்கிறார்களா? வங்கி ஊழியரே என்றாலும் சொல்லாதீங்க. கையெழுத்துப் போட்ட வெற்று செக்கும் கொடுக்காதீங்க.

தமிழ்நாட்டில் நிதி நிறுவன மோசடிக்கு பொருளாதார குற்றப்பிரிவு போலீசில் புகார் செய்யலாம். முதலீட்டாளர் பாதுகாப்புக்காக 1997-ம் ஆண்டு மாநிலச் சட்டமும், 2019-ம் ஆண்டு மத்திய அரசின் சட்டமும் இருக்கின்றன. இந்தச் சட்டங்களின் கீழ் நிறுவனத்தின் சொத்தை முடக்கி, விற்று, பணத்தைப் பிரித்துக் கொடுக்கலாம். ஆனா சொத்து மிச்சம் இருந்தால்தான் பிரிக்க முடியும். பாஸ்டனில் ஏமாந்தவர்களுக்கு முழுப் பணம் கிடைக்காமல் போனதும் அதனால்தான்.

கணக்கிலிருந்து பணம் போயிடுச்சு என்றால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்காதீங்க. உடனே 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்க, உங்க வங்கிக்கும் சொல்லுங்க. பணம் அடுத்தடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் தகவல் போனால், அதை நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கு. ஒரு மணி நேரம் தள்ளிப்போனாலும் அந்த வாய்ப்பு குறைந்துகொண்டே போகும்.